நலிந்த உணவகம் நிமிரும் வழி

ஓர் உணவகம் நலிவுற்றால் அதற்குக் காரணம் கூறுவார் பலர் உளர். சமையற்காரரின் கைப்பக்குவம் போதாது என்பார் ஒருவர். வேலையாட்கள் பொறுப்பற்றவர்கள் என்பார் முதலாளி. முதலாளி கடுஞ்சொல்லர் என்பர் வேலையாட்கள். இவை யாவும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆயினும் இவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. குற்றம் முழுவதையும் இவை ஓர் ஆளின் தலைமேல் ஏற்றுகின்றன. அந்த ஆளை மாற்றிவிட்டால் கடை நிமிர்ந்துவிடும் என்பது இவற்றின் உட்கிடை. ஆனால் ஆளை மாற்றிய பின்னரும் அதே கூச்சலும், அதே தாமதமும், அதே நட்டமும் தொடர்வதை எத்தனையோ கடைகளில் காண்கிறோம். அங்ஙனமாயின் குறை எங்கே உளது?

இவ்வினாவிற்கு விடை காண முயலும் அறிவுத்துறை ஒன்று உண்டு. கூடி உழைக்கும் மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர், அந்நடத்தை மாறுவது எங்ஙனம் என்று ஆராயும் அத்துறையை நிறுவன நடத்தையியல் எனலாம். உளவியல், சமூகவியல், மானிடவியல் ஆகிய மூன்று ஓடைகளின் நீரும் வந்து சேரும் குளம் அது. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற குழு உளவியலுக்கு அது நெருங்கிய உறவு.

தமிழாசிரியர்க்கு உணவகத்தைப் பற்றிய கவலை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங், தெலுக் இந்தான் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தன. நகருக்கு வந்தவர்க்குக் கைவந்த தொழில்களுள் ஒன்று சாப்பாட்டுக் கடை. சேமநிதிப் பணத்தையும் வீட்டிலிருந்த நகையையும் அடுப்பில் முதலாக வைத்தவர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். தோட்டத்தை ஒருமுறை இழந்த குடும்பம் கடையையும் இழப்பதென்பது இரண்டாம் இழப்பாகும். ஆகவே இது நம் கவலையே.

தோட்டமும் கடையும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் கண்டறிந்த நிருவாக முறை ஒன்றே ஒன்று. மேலே துரை, அவருக்குக் கீழே கிராணியார், அவருக்குக் கீழே கங்காணி அல்லது மண்டோர், அடியில் தொழிலாளி. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடப்படும். கட்டளை மேலிருந்து கீழே இறங்கும். கேள்வி கீழிருந்து மேலே ஏறாது. அங்குப் பிறந்தவர் நாளை முதலாளியாகும்போது, தாம் கண்ட அந்தத் துரையின் சாயலையே தம்மை அறியாமல் மேற்கொள்ளுகிறார். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வேறு சாயலை அவர் கண்டதில்லை.

ஆனால் ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பால்வெட்டுத் தொழில் பெரும்பாலும் தனித்தனி வேலை. ஒருவருக்கென்று சில நூறு மரங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவர் தம் நிரையில் வெட்டுகிறார். தம் மங்குகளில் வடிந்த பாலைத் தாமே எடுக்கிறார். தம் வாளியைத் தாமே சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோகிறார். பக்கத்து நிரையில் வெட்டுபவர் சற்றே பிந்தினால் இவருடைய பால் குறைவதில்லை. தொழிலாளர் ஒருவரோடொருவர் கலந்து பேசாவிடினும் அன்றாட வேலை நடந்தேறும். அத்தகைய வேலையைக் கட்டளையாலும் கண்காணிப்பாலும் ஓரளவு நடத்திவிடலாம். அது நன்முறையா என்பது வேறு கேள்வி.

உணவகத்தின் வேலை அத்தகையதன்று. மங்கு கழுவுபவர் ஐந்து நிமிடம் பிந்தினால் பரிமாறுபவர் கைகட்டி நிற்பார். பரிமாறுபவர் தவறாகச் சொன்னால் ரொட்டி போடுபவர் வீணாக ஒரு ரொட்டி போடுவார். தண்ணீர் கலக்குபவர் ஒரு மேசையை மறந்தால் கல்லாவில் இருப்பவர் ஏச்சு வாங்குவார். ஒருவர் கை மற்றவர் கையோடு நிமிடத்துக்கு நிமிடம் பின்னிக் கிடக்கிறது. நிரைநிரையாகப் பிரிந்து கிடந்த வேலைக்குப் பொருந்திய ஆட்சிமுறையை, பாய்போல் பின்னிக் கிடக்கும் வேலைக்குப் பொருத்த முயல்வதே நம் கடைகள் பலவற்றின் முதற்கோளாறு என்பது இக்கட்டுரையின் கருத்து.

சிக்காகோ நகரின் ஆராய்ச்சி

உணவகத்தையே ஆய்வுக்களமாகக் கொண்டு இத்துறையில் பெயர்பெற்றவர் வில்லியம் ஃபூட் வைட் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். 1940களின் நடுவில், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அந்நகர உணவகங்களுள் அவரும் அவர்தம் உதவியாளரும் புகுந்து பார்த்தனர். அந்த ஆய்வின் விளைவாக, உணவகத் தொழிலில் மனித உறவுகள் பற்றிய அவரது நூல் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பரிமாறும் பெண்கள் சிலர் வேலை நெருக்கடியில் அழுதுவிடுவதை அவர் கண்டார். அழுகைக்குக் காரணம் யாது? வாடிக்கையாளர் ஒருபுறம் நெருக்குகிறார். சமையற்காரர் மறுபுறம் சினக்கிறார். மேற்பார்வையாளர் வேறு குறை கூறுகிறார். மூன்று பக்கமும் இடிபடும் மத்தளமாகிறாள் அப்பெண். ஆனால் எல்லாரும் அழுவதில்லை. வாடிக்கையாளர் வந்து அமர்ந்தவுடன் தானே முந்திச் சென்று பேசி, இன்னது நன்றாக உள்ளது என்று எடுத்துரைத்து, மேசையைத் தன் பொறுப்பில் கொண்டுவருபவள் அழுவதில்லை என்பதையும் அவர் கண்டார்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. தொழிலிடத்தில் மதிப்பு மிக்கவர் ஏவ, மதிப்புக் குறைந்தவர் செய்வதே வழக்கம். உணவகத்திலோ இது தலைகீழாகிறது. கூலியிலும் மதிப்பிலும் உயர்ந்த சமையற்காரரை, கூலியிலும் மதிப்பிலும் தாழ்ந்த பரிமாறுபவர் நாள் முழுவதும் 'இதைக் கொடு, அதைச் சீக்கிரம் கொடு' என்று ஏவிக்கொண்டிருக்கிறார். சமையற்காரரின் தன்மானம் புண்படுகிறது. அவர் வேண்டுமென்றே பிந்துகிறார், அல்லது சீறுகிறார். வெளியே இருந்து பார்ப்பவர் இதனைச் சமையற்காரரின் கெட்ட குணம் என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் குறை குணத்தில் இல்லை. ஏவல் செல்லும் திசையில் இருக்கிறது.

மதிப்பு வேற்றுமை அடுக்களைக்குள்ளும் உண்டு. அலங்காரத்துக்குரிய அரிய கீரைகளைக் கையாளுவோர் உயர்ந்தோராகவும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் உரிப்போர் தாழ்ந்தோராகவும் அந்த அமெரிக்க அடுக்களையில் எண்ணப்பட்டனர். நம் கடைகளிலும் இது இல்லையா? ரொட்டி போடுபவருக்கு ஒரு மதிப்பு, மங்கு கழுவுபவருக்கு ஒரு மதிப்பு. உள்ளூர்க்காரர், தமிழகத்திலிருந்து அனுமதிச் சீட்டில் வந்தவர், வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்னும் வேற்றுமை அதன்மேல் ஏறிக்கொள்ளுகிறது.

இந்நோய்க்கு மருந்தாக அவ்வுணவகங்கள் சிலவற்றில் கையாளப்பட்டது மிக எளிய கருவி. ஆர்டரை வாயால் கூவாமல், சீட்டில் எழுதி, அடுக்களை மேடையில் நிறுத்திய ஒரு கம்பியில் குத்திவிடுவது. சமையற்காரர் சீட்டை எடுத்துத் தம் வசதிப்படி வரிசை செய்கிறார். இப்போது அவரை ஏவுவது பரிமாறுபவர் அன்று, சீட்டு. இருவர்க்கும் நடுவே ஓர் அணை வந்துவிட்டது. எலியாஸ் போர்ட்டர் என்பார் 1962இல் இக்கம்பியைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். சீட்டு மறவாது, நெரிசலைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும், எது முன், எது பின் என்று காட்டும், தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்பதற்குச் சான்றாகும். நாலணாக் கம்பி நான்கு வேலை செய்கிறது!

நம் பழைய கடைகளிலும் சீட்டுக் குத்தும் கம்பி உண்டு. ஆனால் அது கல்லாவின் பக்கத்தில் இருக்கும். பணம் கொடுத்து முடிந்த சீட்டுகளை அதில் குத்துவர். அதாவது வேலை முடிந்தபின் அது பயன்படுகிறது. அதனையே அடுக்களை வாயிலில், வேலை தொடங்குமுன் பயன்படுத்துவதுதான் மாற்றம்.

மாற்றம் ஏன் மறுக்கப்படுகிறது?

கருவி நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? முதலாளி ஒருநாள் காலையில் கம்பியை வாங்கிவந்து வைத்து, 'இனி எல்லாரும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்' என்று ஆணையிட்டால் மூன்றாம் நாள் அக்கம்பியில் கைத்துணி தொங்கும். மாற்றம் எங்ஙனம் வேரூன்றும் என்பதற்கு வேறு இரண்டு ஆராய்ச்சிகளை நோக்குவோம்.

ஜெர்மானிய உளவியலார் குர்ட் லெவின் 1933இல் அமெரிக்கா சென்று குடியேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது இறைச்சித் தட்டுப்பாடு நேர்ந்தது. இருதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பிறைச்சியை அமெரிக்க இல்லத்தரசியர் விரும்பிச் சமைப்பதில்லை. அவர்களை இணங்கச் செய்வது எப்படி? சில குழுவினர்க்கு நல்லதொரு சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. ஊட்டச்சத்தும் சமையற்குறிப்பும் விளக்கப்பட்டன. வேறு சில குழுவினரோ தாமே கலந்து பேசி, இறுதியில் தாமே முடிவெடுக்குமாறு விடப்பட்டனர். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவருள் 3 விழுக்காட்டினரே அவ்விறைச்சியைச் சமைத்திருந்தனர். கலந்து பேசியவருள் 32 விழுக்காட்டினர் சமைத்திருந்தனர். நாள்தோறும் சொற்பொழிவாற்றும் ஆசிரியராகிய நாம் இக்கணக்கை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாற்றத்துக்கு மூன்று படிகள் உண்டென்று லெவின் கூறினார். நம் முறையில் மெழுகை உவமையாகக் கொள்வோம். இறுகிய மெழுகை அப்படியே வளைத்தால் உடையும். முதலில் இளக்க வேண்டும். பிறகு புதிய அச்சில் வார்க்க வேண்டும். பின்னர் இறுகவிட வேண்டும். இளகுதல், மாறுதல், இறுகுதல் என்னும் இம்மூன்றில் நடுப்படியை மட்டும் செய்துவிட்டு, முதற்படியையும் கடைப்படியையும் மறந்துவிடுவதே பலர் செய்யும் பிழை.

இரண்டாவது, 1948இல் லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இரவுடை தைக்கும் ஆலை ஒன்றில் வேலைமுறை மாற வேண்டியிருந்தது. ஒரு குழுவுக்கு மாற்றம் வெறுமனே அறிவிக்கப்பட்டது. அக்குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டே போயினர். வேறு குழுக்களில் தொழிலாளரே மாற்றத்தைத் திட்டமிடுவதில் பங்குகொண்டனர். அவர்களிடையே அக்காலத்தில் விலகியவர் எவருமிலர். வேலையும் முன்னிலும் மிகுந்தது.

எனினும் இது மந்திரக்கோல் அன்று. ஃப்ரெஞ்ச் வேறு சில ஆய்வாளருடன் சேர்ந்து நார்வே நாட்டுக் காலணி ஆலை ஒன்றில் இதனை மீண்டும் செய்து பார்த்தார். முடிவு 1960இல் வெளிவந்தது. அங்கே உற்பத்தியில் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. தமக்கு உரிய முறையில் உரிய பொருளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தொழிலாளர் உணர்ந்தால்தான் பங்கேற்பு பயன் தரும் என்பது இதன் பாடம். முடிவை முன்னரே எடுத்துவிட்டுக் கூட்டம் போடுவது கூட்டமன்று, அறிவிப்பேயாகும்.

காப்பி இல்லத்தின் கதை

வெளிநாட்டு ஆய்வுகள் இருக்கட்டும். நலிந்த உணவகம், அதில் உழைத்தோர் கையாலேயே நிமிர்ந்த வரலாறு ஒன்று இந்தியாவில் உண்டு. இந்தியக் காப்பியைப் பரப்பும் நோக்குடன் பம்பாய்ச் சர்ச்கேட் பகுதியில் 1936இல் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர்க் காப்பி வாரியத்தின் கீழ் அவை பல நகரங்களில் பெருகின. 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்தது. பரிமாறியோரும் சமைத்தோரும் வேலை இழந்தனர்.

அப்போது கேரளப் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்கு ஒரு வழி காட்டினார். கடையை நீங்களே கூட்டுறவாக நடத்துங்கள் என்பது அது. 1957இல் பெங்களூரில் முதல் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே டில்லியில் இந்தியன் காப்பி ஹவுஸ் என்னும் பெயரில் கடை திறக்கப்பட்டது. 1958 மார்ச் 8ஆம் நாள் திருச்சூரில் கேரளத்தின் முதற்கடை திறந்தது. வேலை நீக்கப்பட்டவரும் தொழிற்சங்கச் செயலாளருமான என். எஸ். பரமேசுவரன் பிள்ளை அம்முயற்சியின் தூணாக விளங்கினார். பிற்காலத்தில் அதன் வரலாற்றை மலையாளத்தில் நூலாகவும் எழுதினார். பதின்மூன்று கூட்டுறவுச் சங்கங்களாக அவ்வியக்கம் பரந்தது. தொழிலாளர் தம்முள் தேர்ந்தெடுக்கும் குழுவே ஒவ்வொரு சங்கத்தையும் ஆளுகிறது.

இதனை லெவினின் மூன்று படிகளால் நோக்குவோம். கடை மூடப்பட்டதே இளக்கம். அது அவர்கள் விரும்பி வந்ததன்று, விதிபோல் வந்தது. முடிவெடுக்கும் உரிமை வாரியத்தின் மேசையிலிருந்து அடுக்களைக்கு மாறியதே மாற்றம். தேர்தல், குழு, பொறுப்பு வரையறை, விசிறித் தலைப்பாகையுடன் கூடிய வெண்ணிற உடை ஆகியவை இறுக்கம். காப்பி அதே காப்பி. கைகள் அதே கைகள். வேறுபட்டது உறவு முறை. சமையற்காரரும் பரிமாறுபவரும் பொதுக்குழுவில் ஒரே வாக்குடைய இருவராக அமரும்போது, வைட் கண்ட அந்தத் தலைகீழ் ஏவலின் கசப்புக் குறைவதற்கு இடமுண்டு அன்றோ?

இதன் எல்லையையும் மறைக்காமல் கூறவேண்டும். டில்லியில் புகழ்பெற்ற கன்னாட் பிளேஸ் காப்பி இல்லம் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையிலிருந்த இல்லம், கட்டட உரிமையாளருடன் ஏற்பட்ட வழக்கால் 2009இல் அவ்விடத்தை விட்டு வேறிடம் போக நேர்ந்தது. உறவு முறை எவ்வளவு செம்மையாயினும் கட்டடம் பிறருடையதாயின் அச்சம் நீங்குவதில்லை. நடத்தையியல் வாடகையைக் குறைக்காது.

ஈப்போவில் ஒரு கடை

இனி இக்கருத்துகளை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். எடுத்துக்காட்டுக்காக ஈப்போ புந்தோங் பக்கத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சமையற்காரர் இருவர், ரொட்டி போடுபவர் ஒருவர், தண்ணீர் கலக்குபவர் ஒருவர், பரிமாறுவோர் மூவர், மங்கு கழுவுபவர் ஒருவர். கல்லாவில் கணவர், அடுக்களையில் மனைவி. காலைப் பசியாறல் பரவாயில்லை. நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை ஒரே கூச்சல். மூன்று மாதத்துக்கு ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். வாடிக்கையாளர் குறைந்துகொண்டே வருகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு வாரம் பார்த்தல். எவரையும் ஏசாமல், எதையும் மாற்றாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஆர்டர் தவறாகச் சென்றன? எந்த மேசை எத்தனை நிமிடம் காத்திருந்தது? கூச்சல் எங்கே தொடங்கிற்று? அடுக்களை வாயிலிலா, தண்ணீர் மேடையிலா, கழுவும் தொட்டியிலா? கைப்பேசிச் செயலி வழியாக வரும் பொட்டல ஆர்டர் எந்நேரத்தில் மேசை ஆர்டரோடு முட்டுகிறது? இவ்வேட்டில் ஆளின் பெயரை எழுதக்கூடாது. இடத்தையும் நேரத்தையும் மட்டுமே எழுத வேண்டும். பெயரை எழுதினால் அது குற்றப் பத்திரிகை. இடத்தை எழுதினால் அது வரைபடம்.

இரண்டாவது, ஏவல் யாருடையது என்று தெளிதல். நம் குடும்பக் கடைகளில் பெருந்தொல்லை இது. சாம்பாரை இறக்கு என்பார் மனைவி. இன்னும் கொதிக்கட்டும் என்பார் கணவர். ராபர்ட் கான் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1964இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர்மேல் முரண்பட்ட எதிர்பார்ப்புகள் விழும்போது அவருக்கு மனவழுத்தம் மிகுவதையும், வேலையில் நிறைவு குன்றுவதையும், பிறர்மேல் நம்பிக்கை தேய்வதையும் காட்டிற்று. ஆகவே அடுக்களைக்குள் அம்மையார் சொல்லே சொல். கூடத்தில் ஐயா சொல்லே சொல் என்று எல்லை வகுத்து, அவ்விருவரும் அதனை மீறாதிருத்தல் வேண்டும். மாற்றம் முதலாளியிடமிருந்து தொடங்குவது இங்கேதான்.

மூன்றாவது, கூடிப் பேசுதல். பிற்பகல் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருக்கும். எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்து தே குடிக்கும் பதினைந்து நிமிடம் போதும். குறித்த ஏட்டை நடுவில் வைத்து, 'இந்த இடத்தில் வேலை முட்டுகிறது, என்ன செய்யலாம்?' என்று கேட்க வேண்டும். மங்கு கழுவுபவரை முதலில் பேசச் சொல்ல வேண்டும். முதலாளி கடைசியில் பேச வேண்டும். பெரியவர் முந்திப் பேசிவிட்டால் சிறியவர் தலையாட்டுவதோடு நின்றுவிடுவார். மொழி தெரியாதவர் இருந்தால் தெரிந்தவர் பெயர்த்துச் சொல்ல வேண்டும். தவற்றைச் சொன்னவர்க்குத் தண்டனை இல்லை என்பது முதல் வாரத்திலேயே மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஒருமுறை ஏசிவிட்டால் அதன்பிறகு எவரும் வாய் திறவார். தவறு மட்டும் தொடரும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். சீட்டுக் கம்பியைத் தேர்ந்தார்கள் எனக் கொள்வோம். இரண்டு வாரம் செய்து பார்ப்போம், பிறகு வைப்பதா நீக்குவதா என்று நாமே முடிவு செய்வோம் என்று நாள் குறித்துத் தொடங்க வேண்டும். சீட்டை எந்த மொழியில் எழுதுவது, எந்தக் குறியை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பரிமாறுவோரும் சமைப்போரும் கூடி முடிவு செய்யட்டும். முதலாளி அழகாக அச்சடித்துக் கொண்டுவரும் சீட்டைவிட, அவர்கள் கிறுக்கிய சீட்டு நீண்டநாள் வாழும்.

ஐந்தாவது, இறுகவிடுதல். நன்றென்று கண்டதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். புதிதாக வருபவர்க்கு அதனைக் கற்பிக்கும் பொறுப்பைப் பழையவர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வீணாவது குறைந்து இலாபம் கூடினால் அதில் ஒரு பங்கு உழைத்தவர் கைக்கும் போக வேண்டும். இவ்விடத்தில் பல முதலாளிகள் தயங்குவர். ஆனால் யோசனையை மட்டும் கேட்டுக்கொண்டு, பயனைத் தாமே எடுத்துக்கொள்ளும் முதலாளிக்கு அடுத்த யோசனை கிடைப்பதில்லை.

எதனால் ஆகாது?

நடத்தையியலை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கருதுவது பேதைமை. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்து நடத்தும் சிறுகடைக்கும் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்தும். தொழிலாளிக்கு அது நியாயமான உயர்வு. சிறுகடைக்கு அது பாரமும் ஆகும். விலைவாசியும் வாடகையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து நெருக்கும்போது கலந்துரையாடல் ஒன்றே கடையைக் காப்பாற்றிவிடாது. சம்பளத்தை ஒழுங்காகத் தராமல் 'வாருங்கள், கூடிப் பேசுவோம்' என்றழைப்பது ஏமாற்றாகவே முடியும். கூலியும் ஓய்வும் தங்குமிடமும் செம்மையான பின்னரே பங்கேற்புக்குப் பொருளுண்டு.

ஆயினும் இதனை மறுபுறமிருந்தும் நோக்குக. கூலி உயர உயர, தவறாகப் போட்ட ஒவ்வொரு ரொட்டியும், ஆறிப்போய்த் திரும்பிவந்த ஒவ்வொரு தட்டும், பழகியபின் விலகிச் சென்ற ஒவ்வொரு தொழிலாளியும் முன்னைவிட அதிக நட்டம் தருகின்றனர். வாடகை முதலாளியின் கையில் இல்லை. சீட்டும் பேச்சும் மரியாதையும் அவர் கையில் உள்ளன. கையில் உள்ளதைச் செய்துவிட்டுக் கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படுவதே முறை.

நம் மண்ணின் முன்மாதிரி

கூடி முடிவெடுத்தல் நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்குப் பேராக்கிலேயே சான்று உண்டு. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தொழிலாளரே தோட்டத்துக்கு உடைமையாளராகலாம் என்பது திட்டம். பெரட்டில் நின்று கட்டளை கேட்ட மக்கள், பொதுக்கூட்டத்தில் அமர்ந்து கை உயர்த்தக் கற்றுக்கொண்டார்கள். துரையின் சாயலைத் தவிர வேறு சாயல் நமக்குத் தெரியாது என்று மேலே சொன்னோம். அது முழு உண்மையன்று. கூட்டுறவின் சாயலும் நம் மண்ணில் இருந்திருக்கிறது. அதை நாம் அடுக்களைவரை கொண்டுசெல்லவில்லை.

ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது சிறிதே ஆயினும் பயனுள்ளது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை அரைமணி நேரம் உற்று நோக்கி, கூட்டம் எங்கே நெருக்குகிறது, ஏன் நெருக்குகிறது, எப்படி மாற்றலாம் என்று குழுவாக எழுதட்டும். கட்டுரைப் பயிற்சியும் ஆயிற்று; கணக்கும் ஆயிற்று. ஆளைக் குறைகூறாமல் வேலையின் அமைப்பை நோக்கும் பழக்கம் இளம் வயதில் படிந்தால், அம்மாணவன் நாளை கல்லாவில் அமரும்போது அது அவனுக்குக் கைகொடுக்கும். அடுக்களையில் நிற்கும்போதும் கைகொடுக்கும்.

சுருங்கக் கூறின், நலிந்த உணவகத்தில் முதலில் கேட்கத்தக்க கேள்வி 'குற்றவாளி யார்?' என்பதன்று, 'வேலை எங்கே முட்டுகிறது?' என்பதே. அதற்கு விடை அறிந்தவர்கள் அந்த வேலையை நாள்தோறும் செய்பவர்கள். அவர்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து மாற்றி, அதன் பயனை அவர்களோடு பகிர்ந்துகொள்ளும் கடை நிமிர்வதற்கு வழியுண்டு. கேளாமல் ஆணையிடும் கடை, சமையற்காரரை எத்தனை முறை மாற்றினாலும், பழைய பெரட்டையே நடத்திக்கொண்டிருக்கும்.